ஆறு போகும் வேகத்தில் போங்கள்!

ஞாயிற்றுக்கிழமை. காலைப் பலகாரம் ஆயிற்று. "எங்கேயாவது போகலாம், அப்பா!" என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். வாசலில் கார் நிற்கிறது. சொந்தக் கார் இல்லையென்றால் வாடகைக் கார் கிடைக்கிறது. எங்கே போவது?

"முத்துப்பேட்டைக்குப் போவோம். அலையாத்திக் காடு பார்ப்போம்" என்கிறார் வீட்டுக்காரர். நல்ல யோசனைதான். பெரிய சாலையைப் பிடிக்கிறார்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம். முத்துப்பேட்டை வந்துவிடுகிறது. படகில் ஏறுகிறார்கள். நூறு படம் எடுக்கிறார்கள். பிரியாணி சாப்பிடுகிறார்கள். அதே சாலை, அதே வேகம், வீடு.

அப்படிப் போய்விட்டு வந்த ஒரு நண்பரிடம் கேட்டேன்:

"என்ன பார்த்தீர்கள்?"

"காடு பார்த்தோம். கடல் பார்த்தோம்."

"வழியில் என்ன பார்த்தீர்கள்?"

"வழியிலா? வழியில் என்ன இருக்கிறது, சார்? வெறும் வயல்தானே!"

வெறும் வயலாம்! நாம் மூன்று வேளையும் சாப்பிடுவது அந்த வெறும் வயல் கொடுத்த சோறுதானே? அந்த ஒரு வார்த்தைதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

பெரிய சாலையை விட்டு இறங்குங்கள். ஆற்றங்கரைச் சாலையில் ஏறுங்கள். மெதுவாகப் போங்கள். அந்தச் சாலையில் நீங்கள் விருந்தாளி என்பதை மட்டும் மறக்காதீர்கள். இதுதான் நான் சொல்ல வந்தது. ஏன் என்று கேளுங்கள்.

ஆறு போட்ட சாலை

காவிரி கல்லணைக்கு வந்ததும் பிரிகிறது. காவிரி ஒரு பக்கம், வெண்ணாறு ஒரு பக்கம், கல்லணைக் கால்வாய் ஒரு பக்கம், கொள்ளிடம் ஒரு பக்கம். இதில் வெண்ணாறு கிழக்கே ஓடி நீடாமங்கலம் வருகிறது. அங்கே 'மூணாறு தலைப்பு' என்று ஓர் இடம் இருக்கிறது. பெயரே கதையைச் சொல்லிவிடுகிறது. ஒரு தண்ணீர் மூன்றாகப் பிரியும் இடம் அது. ஒன்று வெண்ணாறாகவே தொடர்கிறது. இன்னொன்று கோரையாறு. மற்றொன்று பாமணியாறு.

பாமணியாறு மன்னார்குடிப் பக்கமாகப் போகிறது. கோரையாறு தன் வழியே தெற்கே இறங்குகிறது. இரண்டும் கடைசியில் முத்துப்பேட்டைக்கு வந்துதான் உப்புநீரைத் தொடுகின்றன. கிளைதாங்கியாறு, மரைக்காக் கோரையாறு போன்ற சிற்றாறுகளும் அங்கேதான் வந்து சேர்கின்றன. இத்தனை ஆறும் கொண்டு வந்து கொட்டிய வண்டலில் வளர்ந்ததுதான் அலையாத்திக் காடு.

ஆறு என்றால் கரை உண்டு. கரை என்றால் அதன் மேல் பாதை உண்டு. முன்னே மாட்டு வண்டி போன பாதை அது. இன்றைக்குப் பல இடங்களில் தார் போட்டிருக்கிறார்கள். சில இடங்களில் இன்னும் மண்தான். ஓரிடத்தில் கரையை விட்டு இறங்கி, ஊருக்குள் புகுந்து, கோயில் குளத்தைச் சுற்றி, மறுபடியும் கரை ஏற வேண்டியிருக்கும். வழி தெரியாவிட்டால் டீக்கடையில் கேட்கலாம். கைபேசியில் இருக்கும் வரைபடத்தைவிட டீக்கடை பெஞ்சுக்கு வழி நன்றாகத் தெரியும்!

இந்தப் பாதையை எஞ்சினீயர் கோடு போட்டு வரையவில்லை. ஆறு வளைந்தால் பாதையும் வளைகிறது. ஆறு நெளிந்தால் பாதையும் நெளிகிறது. ஆகையால் இதில் வேகமாகப் போகவே முடியாது. அதுதான் இதன் பெருமை.

தண்ணீர் எவ்வளவு மெதுவாக வருகிறது, தெரியுமா? மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ந் தேதி திறப்பார்கள். 2022-ல் மே 24-ந் தேதியே திறந்தார்கள். 2024-ல் தண்ணீர் குறைவாக இருந்ததால் ஜூலை 28-ந் தேதிதான் திறந்தார்கள். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாட்களாகும். அங்கிருந்து மதகு மதகாகத் தாண்டி, மேல்மடை வயல்களுக்கெல்லாம் குடிக்கக் கொடுத்து, முத்துப்பேட்டைக்கு வர இன்னும் பல நாட்களாகும். முத்துப்பேட்டை கடைமடை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு கடைசிப் பந்தியில் உட்காருகிற ஊர் அது.

தண்ணீர் அத்தனை நாள் நடந்து வந்த வழியை நாம் ஒரு மணி நேரத்தில் தாண்டி, "ஒன்றுமே இல்லை" என்கிறோம். இது நியாயமா?

மாதத்துக்கு ஒரு சித்திரம்

ஆற்றங்கரைச் சாலையில் ஒரு தடவை போனால் போதாது. ஆண்டில் நான்கு தடவை போனால் நான்கு ஊர்களைப் பார்க்கலாம்.

ஆடியில் போனால் புதுத் தண்ணீர் பார்க்கலாம். காப்பி நிறத்தில் நுரையும் சருகுமாக வரும். ஊர்ப் பிள்ளைகள் மதகுச் சுவரிலிருந்து குதிப்பார்கள். ஆவணி, புரட்டாசியில் நாற்றங்கால் பச்சை பார்க்கலாம். அந்தப் பச்சைக்கு ஈடாக எந்தச் சாயக்காரரும் ஒரு பச்சை செய்ததில்லை. மேல்மடையில் குறுவை அறுவடை அப்போதே தொடங்கிவிடும். கடைமடையில் பெரும்பாலும் சம்பா ஒரு போகம்தான்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை. அப்போது கரைச் சாலைக்குப் போக வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மார்கழியில் காலை ஏழு மணிக்குப் போனால் வயல் மேல் பனி ஒரு வெள்ளை வேட்டி போலக் கிடக்கும். வரப்பில் கொக்கு ஒற்றைக் காலில் நிற்கும். நத்தைகுத்தி நாரை சேற்றில் மூக்கை விட்டு நத்தை தேடும். மீன்கொத்தி மின்சாரக் கம்பியில் உட்கார்ந்திருக்கும். தை மாதம் வந்தால் வயல் முழுதும் பொன். மாசியில் அறுத்த வயலில் வாத்து மேய்ப்பவர் வந்துவிடுவார். நூற்றுக்கணக்கான வாத்துகள் ஒரு பெரிய துணியை இழுத்தது போல ஒன்றாகத் திரும்பும். கார் ஓட்டுகிற அப்பா நிறுத்த மறந்தாலும், பின்னால் இருக்கும் குழந்தை "நிறுத்துங்கள்!" என்று கத்தும்.

இதற்கெல்லாம் டிக்கெட் கிடையாது.

சாலையில் நெல்!

இனி ஒரு சங்கடமான சங்கதிக்கு வருகிறேன்.

தை மாதக் கடைசி. இப்படி ஒரு கரைச் சாலையில் நானும் போனேன். ஒரு வளைவு தாண்டியதும் சாலையின் பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. நூறு அடி நீளம் இருக்கும். சுற்றிலும் கற்கள் வைத்திருந்தார்கள். ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள், தலையில் துண்டு போட்டுக்கொண்டு, காலால் நெல்லைத் துழாவி விட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு முன்னால் ஒரு பட்டணத்துக் கார். அதிலிருந்தவர் ஆரன் அடித்தார். மறுபடியும் அடித்தார். அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் தம்பி ஆரன் அடிக்கிறீங்க? நெல்லு எந்திரிச்சு ஓடிடுமா? அந்தப் பக்கம் வழி இருக்கு. பைய போங்க" என்றார்.

கார்க்காரர் முணுமுணுத்துக்கொண்டே போனார். நான் இறங்கிப் பேச்சுக் கொடுத்தேன்.

"ஏம்மா, ரோட்டில் காயப்போட்டால் ஆபத்து இல்லையா?"

"ஆபத்துதான் தம்பி. யாரு ஆசைப்பட்டு இங்க கொட்டுறா? நேத்து மூட்டை கட்டிக் கொண்டு போனோம். ஈரம் கூடுதலா இருக்குன்னு திருப்பி விட்டுட்டாங்க. இன்னிக்கு ஒரு வெயில் காஞ்சாத்தான் நாளைக்கு எடுப்பாங்க. எங்க ஊர்க் களம் நாலு வீட்டு நெல்லுக்குத்தான் பத்தும்."

இதைக் கேட்டபோது கார்க்காரர் மேல் எனக்கு வந்த கோபம் என் மேலேயே திரும்பியது. நானும் இதற்கு முன் எத்தனை தடவை ஆரன் அடித்திருக்கிறேன்!

காரணம் என்ன?

அந்த அம்மாள் சொன்னதில் ஒரு கணக்கு இருக்கிறது. அதைக் கொஞ்சம் விளக்குகிறேன்.

அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுப்பதற்கு ஈரப்பதத்துக்கு ஒரு வரம்பு உண்டு. வழக்கமான வரம்பு 17 சதவீதம். மழை அதிகமான சில ஆண்டுகளில் அதைக் கொஞ்சம் தளர்த்தியதும் உண்டு. வரம்பு வைத்ததில் தவறில்லை. ஈர நெல்லை மூட்டையில் அடைத்தால் சூடு ஏறும். பூஞ்சை பிடிக்கும். அரிசி பழுக்கும். அதைச் சாப்பிடப்போவது நாம்தான்.

முன்காலத்தில் கையால் அறுத்தார்கள். அறுத்த தாள் வயலிலேயே கிடந்து காயும். பிறகு கட்டு கட்டிக் களத்துக்குக் கொண்டு வந்து அடிப்பார்கள். போர் போட்டு வைப்பார்கள். இத்தனையும் நடப்பதற்குள் நெல்லின் ஈரம் தானாகக் குறைந்துவிடும்.

இன்றைக்கு அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. வயலில் ஒரு பக்கம் நுழைகிறது. மறுபக்கம் வெளியே வருவதற்குள் அறுப்பு, அடிப்பு எல்லாம் முடிந்து நெல் தொட்டியில் விழுந்துவிடுகிறது. ஆள் கிடைக்காத காலத்தில் இது பெரிய உதவி. ஆனால் நெல் ஈரத்தோடு வருகிறது. தை மாதப் பனியோ, காலம் தவறிய மழையோ சேர்ந்தால் ஈரம் இன்னும் அதிகம். ஒரே நாளில் ஊர் நெல் முழுவதும் வந்து குவிகிறது. அத்தனையையும் காயவைக்கக் களம் எங்கே? ஊரில் இருந்த பழைய களம் ஊரின் பழைய அளவுக்குத்தான் இருக்கிறது. சில ஊர்களில் அதுவும் சுருங்கிவிட்டது.

வெயிலில் சீக்கிரம் சூடேறும் தரை ஊரில் எது? தார்ச் சாலை! ஆகையால் நெல் சாலைக்கு வந்துவிட்டது.

சாலையில் காயவைப்பதில் விவசாயிக்கும் ஆதாயம் மட்டும் இல்லை. கார்ச் சக்கரம் ஏறினால் அரிசி நொறுங்கி நொய்யாகும். கல்லும் மண்ணும் கலக்கும். ஆடு, மாடு, குருவி எல்லாம் பங்கு கேட்கும். வெயிலில் நாள் முழுதும் ஒருவர் காவல் நிற்க வேண்டும். வேறு இடம் இருந்தால் யாரும் சாலைக்கு வரமாட்டார்கள்.

இரண்டு பக்கமும் பார்ப்போம்

அப்படியானால் விவசாயி செய்வதெல்லாம் சரியா? அப்படியும் நான் சொல்லமாட்டேன்.

பகலில் நெல்லைக் காக்கச் சுற்றிலும் கல் வைக்கிறார்கள். மாலையில் நெல்லை அள்ளிவிட்டுக் கல்லை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவதும் உண்டு. அந்த இருட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் வருவது யார்? பெரும்பாலும் அதே ஊர்ப் பிள்ளைதான். கல்லில் மோதினால் என்ன ஆகும்? நெல்லுக்காக வைத்த கல் ஒரு வீட்டு விளக்கை அணைத்துவிடலாம். பொதுச் சாலையில் இப்படி இடையூறு செய்வது சட்டப்படி குற்றமும் ஆகும்.

இன்னொரு வழக்கம் இன்னும் மோசம். பங்குனி, சித்திரையில் உளுந்து, பயறுச் செடியைப் பிடுங்கி வந்து சாலையின் குறுக்கே பரப்பிவிடுகிறார்கள். போகிற வண்டிகளின் சக்கரமே அதை மிதித்துக் கொடுக்கட்டும் என்பது எண்ணம். செடி சக்கரத்தில் சுற்றிக்கொள்கிறது. சூடான எஞ்சின் பக்கம் காய்ந்த செடி சிக்கினால் தீப்பிடிக்கும். மோட்டார் சைக்கிள் வழுக்கி விழும். நெல் காயவைப்பதற்கு இடமில்லை என்ற காரணமாவது உண்டு. இதற்கு அந்தக் காரணமும் போதாது. இந்த வழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

ஆனால் ஒன்று. உல்லாசமாகப் போகிற நமக்கு அரைமணி நேரம் தாமதமானால் என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. அந்த அம்மாளுக்கு ஒரு வெயில் போனால் என்ன நஷ்டம்? ஒரு நாள் கூலி, வண்டி வாடகை, சில சமயம் ஒரு மழை வந்து ஆறு மாத உழைப்பு முழுவதும். தராசில் போட்டுப் பாருங்கள். பகலில் வழி விடவேண்டியவர் யார் என்று உங்களுக்கே தெரியும்.

ஆகையால் என் தீர்ப்பு இதுதான்.

பகல் முழுதும் கார்க்காரர் பொறுத்துப் போகட்டும். ஆரன் வேண்டாம். நெல்லின் மேல் சக்கரம் ஏறவேண்டாம். மாட்டு வண்டி வேகத்தில் ஓரமாகப் போகட்டும்.

பொழுது சாய்வதற்குள் விவசாயி நெல்லை அள்ளட்டும். ஒரு கல்கூட விடாமல் எடுத்துவிடட்டும். வளைவிலும் பாலத்து அருகிலும் காயப்போட வேண்டாம்.

ஊராட்சிகள் ஊருக்கு ஒன்று என்று இல்லாமல், நெல்லின் அளவுக்குத் தக்கபடி சிமெண்ட் உலர்களம் கட்டித் தரட்டும். பல ஊர்களில் கட்டியிருக்கிறார்கள். அது போதவில்லை என்பதற்குச் சாலையில் கிடக்கும் நெல்லே சாட்சி. ஒரு உலர்களம் கட்டினால் சாலை காலியாகும், நெல் சுத்தமாகும், உயிர் பிழைக்கும். ஒரே கல்லில் மூன்று மாங்காய்!

சாலையை அகலப்படுத்தலாமா?

"இவ்வளவு தொல்லை எதற்கு? கரைச் சாலையை அகலமாகப் போட்டுவிட்டால் கார் ஒரு பக்கம் போகும், நெல் ஒரு பக்கம் காயும்" என்று சிலர் சொல்கிறார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்கு உடன்பாடில்லை.

முதலாவது, கரை என்பது சாலைக்காகப் பிறந்ததல்ல. அது வெள்ளத்துக்குக் காவல். கார்த்திகை மழையில் ஆறு நிரம்பி ஓடும்போது ஊரைக் காப்பது அந்த மண்கரைதான். அதன் மேல் கனமான லாரிகளும் டிப்பர்களும் வேகமாக ஓடினால் கரை அமுங்கும், வெடிக்கும். ஒரு நாள் உடைந்தால் நெல் காயவைக்க வயலே இருக்காது.

இரண்டாவது, மரங்கள். கரையோரம் மூங்கில், தேக்கு, பூவரசு, வாகை, பனை எல்லாம் நிற்கின்றன. அவற்றின் வேர்தான் கரையைப் பிடித்திருக்கிறது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி விடியுமுன் 'கஜா' புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. இலட்சக்கணக்கான தென்னை மரங்கள் சாய்ந்தன. முத்துப்பேட்டைப் பக்கத்தில் அன்று சாய்ந்த மரங்களைப் பார்த்தவர்கள் இன்னொரு மரம் வெட்டுவதற்குச் சம்மதிக்கமாட்டார்கள். புயல் ஒரு இரவில் எடுத்துக்கொண்டதை, மிச்சம் இருப்பதையாவது நாம் கோடாரியால் எடுக்க வேண்டாம்.

மூன்றாவது, வேகமாகப் போக விரும்புகிறவர்களுக்கு ஏற்கெனவே கிழக்குக் கடற்கரைச் சாலை இருக்கிறது. அது முத்துப்பேட்டை வழியாகவே போகிறது. திருவாரூர், காரைக்குடி ரயிலும் அகலப்பாதையாக மாறி 2019-ல் மறுபடியும் ஓடத் தொடங்கியது. அவசரக்காரர்களுக்கு வழி உண்டு. மெதுவாகப் போகிறவர்களுக்கும் ஒரு வழி இருக்கட்டுமே!

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். "நீ பட்டணத்திலிருந்து வந்து அழகு பார்த்துவிட்டுப் போய்விடுவாய். இங்கேயே இருக்கிறவர்கள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகவேண்டாமா? பள்ளிக்கூட வேன் வரவேண்டாமா?" என்று கேட்பார்கள். கட்டாயம் வேண்டும்! நல்ல சாலை வேறு, அகலச் சாலை வேறு. குழி இல்லாத தார், பாலங்களுக்குக் கைப்பிடிச் சுவர், எதிர் வண்டிக்கு ஒதுங்க அங்கங்கே இடம், வளைவில் இரவில் மின்னும் கம்பம் ஆகியவற்றைப் போட்டால் ஆம்புலன்ஸும் வரும், வேனும் வரும். கரையும் இருக்கும், மரமும் இருக்கும்.

வெளிநாட்டில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 'புளூ ரிட்ஜ் பார்க்வே' என்று ஒரு சாலை இருக்கிறது. வர்ஜினியா, வட கரோலினா மாநில மலைகளின் வழியே 755 கிலோமீட்டர் நீளம். 1935-ல் வேலை தொடங்கி 1987-ல் முடிந்தது. அவசரமாகப் போவதற்கென்று அதைப் போடவில்லை. பார்த்துக்கொண்டு போவதற்கென்றே போட்டார்கள். வேகம் மணிக்கு 45 மைலைத் தாண்டக்கூடாது. அதாவது சுமார் 72 கிலோமீட்டர். சரக்கு லாரிகளுக்கு அங்கே அனுமதி இல்லை. இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டத்தில், கிராமத்துக் குறுகிய சாலைகளை 'அமைதிச் சாலை' என்று அறிவிக்க இடம் வைத்தார்கள். நடப்பவரும், சைக்கிளில் போகிறவரும், குதிரையில் போகிறவரும், காரும் ஒரே சாலையைப் பகிர்ந்துகொள்ளலாம் என்பது ஏற்பாடு.

அவர்கள் சட்டம் போட்டுச் செய்ததை, நம்மிடம் ஆறே செய்து வைத்திருக்கிறது. கெடுக்காமல் இருந்தாலே போதும்.

எப்படிப் போவது?

போக ஆசை வந்துவிட்டதா? சில யோசனைகள் சொல்கிறேன்.

மழைக்காலத்தில் கரைச் சாலை வேண்டாம் என்றேன் அல்லவா? ஈரத்தில் கரையின் ஓரமண் இளகியிருக்கும். எதிர் வண்டிக்கு ஒதுங்கும்போது சக்கரம் ஓரத்தில் இறங்கினால் கார் ஆற்றுக்குள் சாயும். வெயில் காலத்திலும் ஒதுங்கும்போது வயல் பக்கமாக, கெட்டியான இடம் பார்த்து ஒதுங்குங்கள். இருட்டுவதற்குள் பெரிய சாலைக்கு வந்துவிடுங்கள்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து முத்துப்பேட்டைக்கு முப்பது கிலோமீட்டருக்குள்தான். அதற்குள்ளேயே ஒரு நாள் முழுதும் பார்க்க இருக்கிறது. உதயமார்த்தாண்டபுரத்தில் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. பாசனத்துக்கான ஏரிதான் அது. மேட்டூர்த் தண்ணீர் வந்து ஏரி நிறைந்தால் நாரைகளும் நீர்க்காகங்களும் வந்து கூடு கட்டுகின்றன. வயலுக்கு வரும் தண்ணீர்தான் பறவைக்கும் வருகிறது. 2022-ல் இந்த ஏரி, உலகம் முழுவதும் காக்க வேண்டிய நீர்நிலைகளின் 'ராம்சார்' பட்டியலில் சேர்ந்தது. மரத்தடியில் சத்தம் போடாமல் நின்று பாருங்கள்.

தில்லைவிளாகத்தில் வீரகோதண்டராமர் கோயில். ராமர் சிலையின் கையிலும் காலிலும் நரம்பு தெரியும்படி வார்த்திருக்கிறார்கள். இடும்பாவனத்தில் சம்பந்தர் பாடிய சிவன் கோயில். முத்துப்பேட்டையை அடுத்த கோவிலூரில் மந்திரபுரீஸ்வரர் கோயில். அதன் பழைய பெயர் திருவுசாத்தானம். ஜாம்புவானோடையில் தர்கா. அங்கே எல்லா மதத்தாரும் வந்து நேர்ந்துகொள்கிறார்கள். கோயிலுக்கும் தர்காவுக்கும் நடுவே ஒரே வயல்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகத்தில் சொல்லிக் கொடுப்பதை இங்கே கண்ணாலேயே காட்டலாம்.

சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகலாம். ஆனால் டீயாவது அந்த ஊர்க் கடையில் குடியுங்கள். இளநீர் கரையோரத்தில் வாங்குங்கள். நாம் கொண்டு போகும் காசில் கொஞ்சம் அந்த ஊரில் தங்கட்டும். நாம் கொண்டு போகும் பிளாஸ்டிக் மட்டும் அங்கே தங்க வேண்டாம்! வாய்க்காலில் போட்ட ஒரு பாட்டில் வாய்க்காலோடு நிற்காது. மதகில் அடைக்கும். தப்பினால் அலையாத்திக் காட்டின் வேரில் போய்ச் சிக்கும்.

வயலில் வேலை செய்கிறவர்களைப் படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். நம் வீட்டுச் சமையலறையில் ஒருவர் கேட்காமல் நுழைந்து படம் எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்? வயல் அவர்களுடைய சமையலறை.

கடைசியில் காடு

இப்படி மெதுவாக வந்து, பொழுது இறங்கும் நேரத்தில் ஜாம்புவானோடைப் படகுத் துறையில் நில்லுங்கள். காட்டுக்குள் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். ஆகையால் படகுக்கு முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோரையாற்றில் படகு போகும்போது இரு பக்கமும் அலையாத்தி மரம். சேற்றிலிருந்து குச்சி குச்சியாக மேலே நிற்பது என்ன? அவை மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் வெளியே வந்து மூச்சு விடுகிறது. அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள்.

இந்தக் காடும் ஒரு காலத்தில் நலிந்து போயிற்று. முன்னே மரத்தை வெட்டி எடுத்த இடங்களில் தரை பள்ளமாகித் தண்ணீர் தேங்கியது. உப்பு ஏறியது. புதுக்கன்று முளைக்கவில்லை. வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, மீன் முள் போலக் கிளை கிளையாக வாய்க்கால் வெட்டினார்கள். கடல்நீர் உள்ளே வந்து போக வழி பிறந்தது. வாய்க்கால் ஓரத்தில் கன்று நட்டார்கள். காடு மறுபடியும் தழைத்தது. தண்ணீர் தன் வழியில், தன் வேகத்தில் போகவேண்டும். அவ்வளவுதான் அந்தக் காடு கேட்டது.

ஆற்றங்கரைச் சாலையும் அதைத்தான் கேட்கிறது.

நீங்கள் திரும்பி வரும்போது அந்த அம்மாள் இன்னும் அங்கே இருக்கலாம். நெல்லைக் குவித்துச் சாக்கில் அள்ளிக்கொண்டிருக்கலாம். காரை நிறுத்துங்கள். இறங்கிச் சாலையில் கிடக்கும் நாலு கல்லை ஓரமாக எடுத்துப் போடுங்கள். பிள்ளைகளையும் போடச் சொல்லுங்கள். அந்த நெல் நாளைக்கு நிலையத்துக்குப் போகும். பிறகு ஆலைக்குப் போகும். பிறகு ஏதோ ஒரு ரேஷன் கடைக்குப் போகும். கடைசியில் யார் வீட்டு உலையில் கொதிக்கும் என்று யாருக்குத் தெரியும்?

உங்கள் வீட்டு உலையாகவும் இருக்கலாம்!